கோடையும் முதியோரும் – தாகத்தை நம்ப வேண்டாம்

(கோடை தொடங்குமுன் நம் சங்கத்தின் ஜனக்புரி கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடையில் முதியோர் நலம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "டாக்டர் யாரையாவது கூப்பிடுங்கள் ஸார். நான் படித்தது பௌதிகம், பார்த்த உத்தியோகம் கோப்பு" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. "டாக்டர் சொன்னால் நம்மவர்கள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பட்டவர் சொன்னால் கேட்பார்கள்" என்றார். பட்டவன் என்ற ஒரே தகுதியில்தான் இங்கு நிற்கிறேன். நான் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

2024-ஆம் ஆண்டு ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, நிர்ஜலா ஏகாதசி. வருஷத்தின் மற்ற ஏகாதசிகளை விட்டவர்கள்கூட இந்த ஒன்றைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தால் எல்லாவற்றின் பலனும் உண்டு என்பது நம்பிக்கை. பீமன் இருந்ததால் பீம ஏகாதசி என்றும் பெயர். என் மனைவி பெங்களூரில் பெண் வீட்டில் இருந்தாள். டி.டி.ஏ. ஃப்ளாட்டின் மேல் மாடியில் நான் தனியாக இருந்தேன். எழுபத்தாறு வயது. "எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்குள் இருப்பவர்களுக்குத்தானே ஏகாதசி விதி, எனக்கு இன்னும் எண்பது ஆகவில்லையே" என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு உபவாசம் இருந்தேன். காலையில் ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஓர் உத்தரணி தீர்த்தத்தோடு விழுங்கினேன். அது சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கலந்த மாத்திரை. உள்ளே வருவது ஓர் உத்தரணி, வெளியே போவது வழக்கம்போல. பௌதிகம் படித்தவனுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தெரியவில்லை.

மத்தியானம் கீழ் வீட்டு பஞ்சாபி அம்மாள் ஒரு தம்ளர் ஷர்பத்துடன் மாடி ஏறி வந்தார். வடக்கே அன்று தெருவெங்கும் பந்தல் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குளிர்ந்த நீரும் ஷர்பத்தும் கொடுப்பது நீங்கள் அறிந்ததே. "இன்று எனக்கு விரதம்" என்றேன். "எனக்கும்தான் விரதம். ஆனால் எங்கள் மாமியாருக்கு வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம், அங்கிள்ஜி" என்றார். சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்குத் தாகமே எடுக்கவில்லை என்பதில் உள்ளூர ஒரு பெருமை வேறு.

இரவு படுக்கையறையில் ஏ.ஸி. இருந்தது. மின்வெட்டும் இல்லை. ஓர் ஆளுக்காக எதற்கு என்று மின்விசிறியோடு படுத்துவிட்டேன். அன்றிரவு எப்படிப்பட்ட இரவு என்பது பிறகுதான் தெரிந்தது. ஜூன் 19 காலை சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 35.2 டிகிரி. அதிகபட்சம் அல்ல, குறைந்தபட்சம். அதாவது, விடியற்காலையில்கூட காற்று நம் தோலின் சூட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பகல் முழுவதும் வெயில் குடித்த மேல்தளம் வேறு இரவெல்லாம் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை த்வாதசி. ஏழரை மணிக்குப் பெண் போன் செய்தாள்.

"அப்பா, பாரணை ஆச்சா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? இன்னிக்கு அமாவாசை தர்ப்பணம்னா? தர்ப்பையைக் காணோம். அம்மாவை எடுத்துத் தரச் சொல்லேன்."

அம்மா அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இந்த உரையாடல் எனக்கு நினைவில் இல்லை. பெண் சொல்லித்தான் தெரியும். அவள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தாள். என்னோடு விவாதிக்காமல், உடனே கீழ் வீட்டுக்குப் போன் செய்தாள். அந்த அம்மாளும் அவர் பிள்ளையும் வந்து பார்த்தபோது நான் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேனாம். உடம்பு அனலாகக் கொதித்ததாம். தெர்மாமீட்டரில் 104.6. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. கொடியில் கிடந்த என் எட்டுமுழ வேஷ்டியைத் தண்ணீரில் நனைத்து உடம்பு முழுவதும் சுற்றி, மேலே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள். ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தார்கள். ஆஸ்பத்திரி சேரும்போது காய்ச்சல் 102-க்கு இறங்கியிருந்தது. நான்கு நாள் இருந்து, சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்தபின் வீடு திரும்பினேன். "உங்களைக் காப்பாற்றியது நாங்கள் இல்லை, வீட்டில் நடந்த அந்த அரை மணி நேரம்" என்றார் டாக்டர்.

எனக்கு ஏன் தாகம் எடுக்கவில்லை? அதற்குப் பதில் 1984-லேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 67 முதல் 75 வயது வரை உள்ள ஆரோக்கியமான ஏழு ஆண்களையும், ஏழு வாலிபர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருக்கச் செய்தார்கள். நம் நிர்ஜலா ஏகாதசிக் கணக்குத்தான்! முடிவில் பெரியவர்களுக்குத் தாகமும் வாய் உலர்வும் இளையவர்களைவிடக் குறைவாகவே தெரிந்தன. தண்ணீரை எதிரே வைத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். உடம்பில் நீர் குறைந்தது உண்மை. அதை அறிவிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. நான் பெருமைப்பட்டுக்கொண்டது மனக்கட்டுப்பாட்டைப் பற்றி அல்ல, பழுதான மணியைப் பற்றி!

இனி சிறிது பௌதிகம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம் உடம்பு மணிக்குச் சுமார் 60 கிலோ கலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் அது தானாக வெளியேறிவிடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைத் தாண்டிவிட்டால், வெப்பம் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். அப்போது இருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரியை எடுத்துச் செல்லும். அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் வயதானால் வியர்வை குறைகிறது. தோலுக்கு ரத்தத்தை அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. நீரைச் சேமிக்கும் சக்தி சிறுநீரகத்துக்குக் குறைந்துவிடுகிறது. இவற்றோடு தாகமும் மறத்துப் போகிறது.

நம் உறுப்பினர்கள் பல ஊர்களில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தில்லியில் 44 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்த்தால் அது சுமார் 23 டிகிரிதான் காட்டும். சென்னையில் 37 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 30 காட்டும். அதாவது "எங்களூரில் வெறும் 37தான்" என்று சென்னைக்காரர்கள் நிம்மதி அடைய இடமில்லை. அங்கே வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. இங்கே லூ அடிக்கும்போது வியர்ப்பதே தெரியாமல் ஆவியாகிவிடும். நீர் போவதை நாம் உணர்வதில்லை. இரண்டுமே ஆபத்து.

2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி வந்து நாடே பரபரத்தது. அந்தக் கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறை பின்னர் தெரிவித்தது. அன்று சப்தர்ஜங்கில் பதிவானது 46.8. நாம் எல்லோரும் இப்படிப் பகல் கணக்கைத்தான் பார்க்கிறோம். பகலில் பட்ட சூட்டிலிருந்து உடம்பு ஆறுவது இரவில்தான். இரவும் ஆறாவிட்டால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் முதியவர்கள் சாய்கிறார்கள். ஆகையால் செய்தித்தாளில் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

இது உலகம் முழுவதும் கண்ட அனுபவம். 1995 ஜூலையில் சிகாகோ நகரில் ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர். இரண்டு இடங்களிலும் பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக வசித்தவர்கள். ஏழ்மை நாடுகள் அல்ல, ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களும் அல்ல. கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நம் நாட்டில் 2010 மே மாதம் ஆமதாபாதில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் அதிகம் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. இவர்களில் பலருடைய சான்றிதழில் மாரடைப்பு என்றோ வேறு ஏதோ என்றோதான் எழுதியிருக்கும். அந்த நகராட்சி 2013-ல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல்திட்டம் வகுத்தது. பிற நகரங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இனி, நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று, தண்ணீர். தாகத்தைப் பார்த்துக் குடிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை ஒன்றரை மணிக்கு ஒரு பெரிய தம்ளர். நான் காலையில் இரண்டு லிட்டர் அளந்து ஒரு கூஜாவில் வைத்துவிடுகிறேன். மாலைக்குள் கூஜா காலியாக வேண்டும். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து குடிக்காதவர்கள் நம்மில் அநேகம். அவர்கள் பெரும்பகுதியை மாலை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். கல்யாண மண்டபத்தில் வசதி இருக்காது என்று மாமிகள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். நீர்மோர் நல்லது. பானகத்தில் வெல்லம் இருப்பதால் சர்க்கரைக்காரர்கள் அளவு பார்க்க வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மட்டுமே கரைக்கவும். காபி குடித்தாயிற்று என்று தண்ணீரை விட்டுவிட வேண்டாம். முக்கியமாக ஓர் எச்சரிக்கை. இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எவ்வளவு குடிக்கலாம், இளநீர் சாப்பிடலாமா, உப்பு எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

இரண்டு, மாத்திரைகள். சிறுநீர் பெருக்கும் மருந்து, சிலவகை ரத்த அழுத்த மருந்துகள், மனநோய் மருந்துகள், சளி ஒவ்வாமை மாத்திரைகள் இவையெல்லாம் வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கக்கூடும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஏப்ரல் மாதமே எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "கோடைக்கு ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று கேளுங்கள்.

மூன்று, வீடு. காலை பத்து மணிக்குள் வெயில் விழும் பக்கத்து ஜன்னல்களை மூடித் திரை போடுங்கள். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்தபின் திறங்கள். மேல் மாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது செலவு குறைந்த நல்ல வழி. கூலர் வைத்திருப்பவர்கள் எதிர்ப்பக்க ஜன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறையில் ஈரம் கூடிப் புழுங்கும். ஜூலையில் மழை வந்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கூலரால் அவ்வளவாகப் பயன் இராது. அறையே 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் மின்விசிறி அனலைத்தான் வீசும். உடம்பில் ஈரத்துணி போட்டுக்கொண்டால்தான் அது உதவும். ஏ.ஸி. இருந்தால் 26, 27-ல் வைத்து, விசிறியும் போட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஆளுக்காக எதற்கு என்று மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். நான் நான்கு நாளில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணத்தில் பல கோடைகளின் கரண்ட் பில்லைக் கட்டியிருக்கலாம்.

நான்கு, அனுஷ்டானம். இதைச் சொல்லச் சற்றுத் தயக்கம்தான். ஆனால் சொல்லாமல் விட முடியாது. உத்யோக பர்வத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொல்லும் நீதியில், விரதத்தைக் கெடுக்காத எட்டுப் பொருள்களின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் முதலில் இருப்பது தண்ணீர். கடைசியில் இருப்பது மருந்து. எனக்கு இதை நினைவூட்டியவர் எங்கள் வாத்தியார் மாமா, நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு. ஏகாதசி மட்டுமல்ல, கோடையில் வரும் சிராத்தத்தையும் யோசியுங்கள். கர்த்தாவுக்கு எழுபது வயது, பிராமணார்த்தத்துக்கு வருபவர்களுக்கு அதற்கு மேல். மத்தியானம் ஒன்றரை, இரண்டு மணிவரை ஆகாரமில்லை. ஹோமம் என்பதால் விசிறியும் இல்லை. உள்ளே மடியாக அடுப்பு முன்னால் நாலு மணி நேரம் நிற்கும் மாமிக்கும் அறுபத்தெட்டு. அவரவர் வாத்தியாரிடம் முன்கூட்டியே பேசி, சீக்கிரம் ஆரம்பிக்கவும் இடையில் தீர்த்தம் சாப்பிடவும் வழி கேளுங்கள். நம் பெரியவர்கள் முடியாதவர்களுக்கு விலக்கு வைத்தே விதி செய்திருக்கிறார்கள்.

ஐந்து, அடையாளங்கள். தலைசுற்றல், குமட்டல், கால் பிடிப்பு, அதிக சோர்வு, சிறுநீர் அடர் மஞ்சளாகவும் கொஞ்சமாகவும் போவது, இவை முதல் எச்சரிக்கை. குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, உடம்பைத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் கொடுங்கள். அரை மணியில் தேறாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். ஆனால் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், நினைவு தவறினால், உடம்பு கொதித்தால் அது வெப்பத் தாக்கு. வியர்வை இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தில்லியில் 102 அல்லது 112, தமிழ்நாட்டில் 108. வரும்வரை குளிர்வித்துக்கொண்டே இருங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். காய்ச்சல் மாத்திரையும் கூடாது. இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரை கேட்காது. தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024-ல் வெப்பத் தாக்குக்கென்றே தனிப்பிரிவு தொடங்கியபோது அங்கே வைத்த முக்கியமான சாதனம் பனிக்கட்டி நீர் நிரப்பிய தொட்டி. பெரிய ஆஸ்பத்திரியும் முதலில் செய்வது குளிர்விப்பதைத்தான்.

ஆறாவதும் கடைசியும், ஒரு விண்ணப்பம். நான் சொன்ன ஐந்தும் தெரிந்திருந்தாலும் அன்று காலை நான் பிழைத்திருக்க மாட்டேன். சூடு முதலில் தாக்குவது புத்தியை. தனக்கு ஆபத்து என்று தெரிந்துகொள்ள வேண்டிய அந்தப் புத்தியே மங்கிவிடுகிறது. ஆகையால் இன்னொருவர் கேட்டே ஆக வேண்டும். பெண் அன்று கூப்பிடாமல், "அப்பா ஏகாதசி இருந்து களைத்துத் தூங்குவார், சாயந்திரம் பேசிக்கொள்ளலாம்" என்று நினைத்திருந்தால் இந்த உரை இல்லை.

பிரான்ஸில் 2003 அனுபவத்துக்குப் பின், தனியாக வசிக்கும் முதியோரின் பட்டியல் ஒவ்வொரு ஊர் நகராட்சியிலும் வைக்கப்பட்டு, வெப்ப எச்சரிக்கை வந்தால் போன் செய்து விசாரிக்கிறார்கள். நம் கிளையில் அதற்கு அரசாங்கம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தனியாகவோ தம்பதியாக மட்டுமோ இருக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயர், மாடி எண், அடுத்த வீட்டுக்காரரின் போன், பிள்ளை பெண்ணின் போன், சாப்பிடும் மாத்திரைகள், மாற்றுச் சாவி யாரிடம் என்ற விவரம். ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு பேரைப் பொறுப்பேற்றுக்கொண்டு, மே முதல் ஜூலை வரை காலையிலும் மாலையிலும் ஒரு போன். "சௌக்கியமா?" என்று கேட்க வேண்டாம். எல்லோரும் "சௌக்கியம்" என்றுதான் சொல்வார்கள், நானும் சொல்லியிருப்பேன். "கூஜாவில் எவ்வளவு மிச்சம்? இன்று என்ன கிழமை, என்ன திதி?" என்று கேளுங்கள். தினமும் சங்கல்பம் செய்கிறவருக்கு மாசமும் திதியும் தட்டாமல் வர வேண்டும். தடுமாறினால் போனை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், பெற்றோரின் அண்டை வீட்டு எண் உங்கள் பிள்ளையின் போனில் இருக்கிறதா என்று இன்றிரவே விசாரியுங்கள். என் பெண்ணிடம் அந்த எண் இருந்தது தற்செயல். எப்போதோ பார்சல் வாங்கி வைக்கச் சொல்வதற்காக வாங்கியதாம்.

என்னைப் பொறுத்தவரை, நிர்ஜலா ஏகாதசி இப்போதும் அனுஷ்டிக்கிறேன், ஆகாரம் மட்டும் இல்லாமல். கூஜாத் தண்ணீர் வழக்கம்போல. மத்தியானத்தில் ஏ.ஸி. அறையில் பாராயணம். வெயில் தாழ்ந்தபின் கீழே இறங்கி, அந்த பஞ்சாபி அம்மாள் போடும் ஷர்பத் பந்தலில் தம்ளர் எடுத்துக் கொடுக்கிறேன். முதல் தம்ளரை நானே குடிக்க வேண்டும் என்பது அவர் போட்டிருக்கும் நிபந்தனை.

நோட்டுப் புத்தகம் செயலாளர் மேஜைமேல் இருக்கிறது. வீட்டுக்குப் போகுமுன் பெயர் எழுதிவிட்டுச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.